கல்லில் எழுதிய விடுப்புக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த நண்பர் ஒருவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா, பொன்னாடை, வாழ்த்துப்பா எல்லாம் முறைப்படி நடந்தேறின. ஓய்வூதியம் மட்டும் வரவில்லை. விசாரித்தபோது, 1990களில் அவர் எடுத்த 47 நாள் மருத்துவ விடுப்பு பணிப்பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. விண்ணப்பம் இருந்தது, மருத்துவச் சான்று இருந்தது, ஆணையின் நகலைக் காணோம். தமிழ் படித்தவனுக்கு மனு எழுத வரும் என்பது நம்மூரில் உள்ள பொது நம்பிக்கை. ஆகவே அந்த 47 நாளுக்கான மனுக்களை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏறத்தாழ எட்டு மாதம் எழுதினேன்.

அந்த எட்டு மாதத்தில்தான், விடுப்புக் கணக்கு என்ற ஒன்றை மனிதன் எப்போது எழுதத் தொடங்கினான் என்ற எண்ணம் வந்தது. தேடிப் படித்ததில் வெகு தொலைவு போய்விட்டேன். எகிப்தில், நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே உள்ள ஒரு சிற்றூரில் போய் நின்றேன். அங்கே கண்டதை இங்கே நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 5634 என்ற எண்ணுடைய சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று உள்ளது. உயரம் 38.5 சென்டிமீட்டர், அகலம் 33. ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்துவிடலாம். இரண்டு பக்கமும் எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள். மொத்தம் 40 தொழிலாளர்கள். ஒவ்வொரு பெயருக்கும் இடப்புறம் அவர் வேலைக்கு வராத நாள்கள் கறுப்பு மையில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலான நாள்களின் தலைக்கு மேல், சிறிய எழுத்தில், சிவப்பு மையில் ஒரு சொல்லோ தொடரோ இருக்கிறது. அதுதான் வராத காரணம். இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் நாற்பதாம் ஆட்சியாண்டு என்று தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. கி.மு. 1240ஐ ஒட்டிய காலம். ஓராண்டில் 280 நாள்களுக்கான கணக்கு இது.

உதிர்ந்த பானையோட்டிலும் உடைந்த கல்லிலும் எழுதுவது எகிப்தியருக்கு அன்றாட வழக்கம். நாணல் தாள் விலை கூடியது. கல் சில்லு காலடியில் கிடப்பது. இத்தகைய எழுத்துச் சில்லுகளை ஆய்வாளர்கள் 'ஆஸ்ட்ரக்கன்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிப்பார்கள். கொடுமணலிலும் கீழடியிலும் ஓட்டுச் சில்லுகளில் பெயர் கீறியிருப்பதைக் கண்டு வியந்த நமக்கு இந்த வழக்கம் அந்நியமானதன்று. ஆனால் நம் சில்லுகளில் கிடைப்பவை பெரும்பாலும் பெயர்கள் மட்டுமே. அங்கே ஒரு வாழ்க்கையே கிடைத்திருக்கிறது.

அந்தச் சிற்றூருக்கு இப்போது தெய்ர் எல்-மதீனா என்று பெயர். பழங்காலத்தில் அதை 'வாய்மையின் இடம்' என்ற பொருளில் அழைத்தார்கள். அரசர்களின் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து அரசர்க்குக் கல்லறை அமைத்த கல்வெட்டுவோர், ஓவியர், சாந்து பூசுவோர், எழுத்தர் ஆகியோர் குடும்பத்தோடு வாழ்ந்த அரசுக் குடியிருப்பு அது. பதினெட்டாம் அரச மரபின் தொடக்கத்தில் உருவாகி, இருபதாம் மரபின் இறுதிவரை ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் நிலைத்தது. தொழிலாளர் குழுவைக் கப்பல் மாலுமிகளைப் போல வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைவர், கணக்குக்கு எழுத்தர். இவர்கள் எல்லோரும் தீப்ஸ் நகரில் இருந்த தலைமை அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர்கள். வாரத்துக்குப் பத்து நாள். மாதத்துக்கு முப்பது நாள். நைல் பெருக்கெடுக்கும் பருவம், பயிர் முளைக்கும் பருவம், அறுவடைப் பருவம் என மூன்று பருவங்கள். பருவத்துக்கு நான்கு மாதம். பலகையில் உள்ள நாள்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் உள்ளன.

இனி அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருவோம். மிகுதியாக வரும் காரணம் 'நோய்'. அதற்குமேல் விளக்கம் இல்லாத இடங்கள் பல. ஆனால் விளக்கம் உள்ள இடங்கள்தாம் நம்மை நிறுத்துகின்றன. ஹுய்நெஃபெர் என்பவருக்குக் கண்நோய். செபா என்பவரைத் தேள் கடித்துவிட்டது. நெபெராபு தம் சகோதரனின் உடலைப் பதப்படுத்தப் போயிருக்கிறார். ஹெஹ்நெகு தம் தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். சிலர் வீடு கட்டியிருக்கிறார்கள். சிலர் தெய்வத்துக்குப் படையல் இட்டிருக்கிறார்கள். பலர் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. இணையத்தில் அந்தப் பலகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த ஒன்றை மட்டுமே எடுத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அங்கே பீர் என்பது உணவு. விழாவுக்கும் நீத்தார் கடனுக்கும் இன்றியமையாத படையல். நம்மூரில் திருவிழாவுக்கு மாவிடிக்கவும் பொங்கலுக்கு நெல் அவிக்கவும் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் நாம் சிரிப்போமா?

மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்ற காரணத்தால் ஆண் வேலைக்கு வராத நாள்களும் எழுதப்பட்டுள்ளன. இதை ஆய்வாளர்கள் பலவாறு விளக்க முயன்றிருக்கிறார்கள். தீட்டு என்றால் எல்லார் வீட்டிலும் எல்லா மாதமும் அல்லவா விடுப்பு வந்திருக்க வேண்டும்? ஆனால் குறிப்புகளோ சிலவே. வீட்டில் பெண் ஓய்ந்திருக்கும் நாளில் அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாதவர்கள் மட்டும் நின்றார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. சிகாகோவில் உள்ள மற்றொரு சில்லு, அவ்வூர்ப் பெண்கள் எட்டுப் பேர் மாதவிலக்கின்போது 'பெண்களின் இடம்' என்ற ஒன்றுக்குச் சென்றதைச் சொல்கிறது. எப்படியானாலும், வீட்டுப் பெண்களின் உடல்நிலையை ஓர் ஆண் ஊழியரின் விடுப்புக்குத் தக்க காரணமாக ஏற்று, மறைக்காமல், அரசுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

எனக்கு மிகவும் அணுக்கமாகப் பட்ட பதிவு பென்னுப் என்பவருடையது. காரணம்: தாய்க்கு உடல்நலமில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் நண்பரின் 47 நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாள்களில் அவருக்கு எந்த நோயும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தது அவருடைய தாயார். ஈட்டிய விடுப்பெல்லாம் முந்தைய ஆண்டுகளில் தங்கை திருமணத்துக்கும் தந்தையின் சிகிச்சைக்கும் தீர்ந்துவிட்டிருந்தது. தாயைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு விடுப்பு வகை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தமக்கே மஞ்சள் காமாலை என்று ஒரு சான்று பெற்று மருத்துவ விடுப்பில் போனார். ஆணை ஏறாமல் போனதைக் கிளறிக் கேட்க அவர் இத்தனை ஆண்டு தயங்கியதும் அதனால்தான். நம் அலுவலக விண்ணப்பங்களில் 'தவிர்க்க இயலாத சொந்தக் காரணங்களால்' என்ற தொடர் எத்தனை ஆயிரம் முறை எழுதப்பட்டிருக்கும்! நானே எழுதியிருக்கிறேன். அந்தத் தொடருக்குள் சாவும் இருக்கும், சம்பந்தம் பேசுவதும் இருக்கும், சோம்பலும் இருக்கும். எகிப்திய எழுத்தர் 'சொந்தக் காரணம்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை.

இந்தப் பலகையை யார் பொறுப்பில் எழுதியிருப்பார்கள்? அக்காலத்தில் கல்லறைப் பணிக்கு எழுத்தராக இருந்தவர் கென்ஹெர்கெப்ஷெப். தமிழாசிரியர்கள் விரும்பக்கூடிய மனிதர். நூல்கள் சேர்த்து வைத்திருந்தார். கனவுப் பலன் கூறும் நாணல் தாள் சுவடி ஒன்று அவரிடம் இருந்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பின்பக்கத்தில் கதேஷ் போரைப் பாடும் நெடும்பாட்டின் ஒரு பகுதியைத் தம் கையால் படியெடுத்திருக்கிறார். கையெழுத்து படுமோசம் என்று எகிப்தியல் அறிஞர்கள் அனைவரும் ஒருமனதாகக் கூறுகிறார்கள். விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கு அவர்கள்மேல் இரக்கம் பிறக்கிறது.

நூல் விரும்பி என்பதால் நல்லவர் என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஹோதெப் என்ற ஓவியர் அவருக்கு எழுதிய கடிதச் சில்லு ஒன்று கிடைத்துள்ளது. வேலை என்றால் என்னைத் தேடுகிறீர், பீர் என்றால் தேடுவதில்லை, உமக்கு நான் கழுதையாகிவிட்டேன் என்ற பொருள்பட அதில் குமுறுகிறார். சரி, இது ஒரு கீழ்ப்பணியாளரின் மனக்குறை என்று விட்டுவிடலாம். ஆனால் 40ஆம் ஆண்டுப் பலகையைப் பாருங்கள். அனுய் என்ற தொழிலாளர் வராத நாளுக்குச் சிவப்பு மையில் எழுதப்பட்டுள்ள காரணம்: கென்ஹெர்கெப்ஷெப்புக்குக் கல் சுமக்கப் போனார்.

அரசன் கல்லறையைக் குடைய வேண்டிய ஆள், எழுத்தரின் சொந்தக் காரியத்துக்குக் கல் சுமந்திருக்கிறார். அது அரசுக் கணக்கில், அவர் பெயரோடு, மறைக்காமல் பதிவாகியிருக்கிறது. பலகையில் வேறு இடங்களிலும் தொழிலாளர்கள் மேலவர்களுக்காக வேலை செய்யப் போன நாள்கள் உண்டு. இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஓரளவுக்கு இது ஒப்புக்கொள்ளப்பட்ட சலுகையாக இருந்திருக்கலாம். அதனால் மறைக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆயினும் ஒரு பதிவேடு ஒழுங்காக எழுதப்படும்போது அதை எழுதுகிறவனையும் அது விட்டுவைப்பதில்லை. ஆள் வரவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் பழி அனுய்மேல் விழுந்திருக்கும். காரணம் எழுதப்பட்டதால் அது உரியவர்மேல் போய் நின்றது.

சலுகை எல்லை மீறியபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உள்ளது. ஓரிரு தலைமுறை கழித்து, கி.மு. 1200ஐ ஒட்டி, பனெப் என்பவர் குழுத்தலைவராக இருந்தார். அவர்மேல் அமென்நக்த் என்பவர் எழுதிய நீண்ட குற்றப் பட்டியல் 'சால்ட் 124' என்ற நாணல் தாளில் கிடைத்துள்ளது. திருட்டு, அடிதடி, பிறன்மனை நயத்தல் என்று பட்டியல் நீளுகிறது. நடுவே ஒரு குற்றம்: தொழிலாளி ஒருவரை இரண்டு மாதம் முழுக்கத் தம் எருதுக்குத் தீனி போடும் வேலையில் வைத்திருந்தார். அமென்நக்த் நடுநிலையாளர் அல்லர். தம் அண்ணன் வகித்த தலைமைப் பதவி பனெப்பிடம் போனதில் அவருக்கு ஆற்றாமை உண்டு. இருந்தாலும் இரண்டு மாதம் என்று காலம் குறித்துச் சொல்கிறார். நாள்தோறும் வருகையைக் குறித்துவைக்கும் ஊரில் வாழ்ந்தவருக்கு அப்படிச் சொல்லிப் பழகியிருந்தது.

கணக்கு வைத்த முறையையும் சற்று நோக்க வேண்டும். 40ஆம் ஆண்டுப் பலகை நாள்வாரியாக அமைந்ததன்று, ஆள்வாரியாக அமைந்தது. 280 நாளின் வராமைகளை ஒரே பரப்பில் பெயருக்கு நேராகத் திரட்ட வேண்டுமானால், அதற்கு முன்பே நாள்தோறும் எழுதிய குறிப்புகள் இருந்திருக்க வேண்டும். நாட்குறிப்பு வகைச் சில்லுகள் வேறு ஏராளமாகக் கிடைத்துமிருக்கின்றன: இன்று இன்னார் வரவில்லை, இத்தனை விளக்குத் திரி கொடுக்கப்பட்டது, மீன் வந்தது, விறகு வந்தது என்று. அவற்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு பெயர்த்தெழுதப்பட்டது. நம் அலுவலகங்களில் வருகைப் பதிவேட்டிலிருந்து பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்குக்கு ஏற்றுவதும் இதுவேதான். என் நண்பருக்கு வந்த கேடு இந்தப் பெயர்த்தெழுதும் இடத்தில்தான் நேர்ந்தது. யான்சென் என்ற டச்சு அறிஞர் 1980இல் இவ்வூர்த் தொழிலாளரின் வராமைகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். சில்லுகளின் எழுத்தைப் படித்துத் தருவதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் செர்னி.

நோயாளியை ஊர் எப்படித் தாங்கியது என்பதும் இந்தப் பலகையில் தெரிகிறது. பஹெரிபெட்ஜெத் என்பவரும் அந்த நாற்பது தொழிலாளருள் ஒருவர்தான். ஆனால் அவருடைய வராமைக்கான காரணங்கள் வேறு விதமாக உள்ளன. ஆபெஹ்தியுடன் இருந்தார், கோன்ஸுக்கு மருந்து செய்தார், ஹோரெம்வியாவுடன் இருந்தார், எழுத்தரின் மனைவிக்கு மருந்து செய்தார். ஊர் மருத்துவர் அவரே. மருத்துவம் பார்க்கப் போன நாள், கல்லறை வேலையிலிருந்து அவருக்கு முறையான விலக்கு நாள். மருத்துவருக்கும், தேள்கடிக்கு மந்திரிப்பவருக்கும் வழக்கமான படிக்கு மேல் சிறிது தானியம் கூடுதலாகவும் கிடைத்தது. செபாவுக்குத் தேள் கடித்தது ஏதோ விந்தையான விபத்தன்று. அதற்கென்று ஓர் ஆளை நியமிக்கும் அளவுக்கு அங்கே அன்றாட ஆபத்து.

கண்நோயும் அப்படியே. இருண்ட பாறைக் குடைவுக்குள், திரிவிளக்கு வெளிச்சத்தில், சுண்ணாம்புத் தூசிக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் வேலை. சகோதரனின் உடலைப் பதப்படுத்த விடுப்பு எடுத்த நெபெராபுவை முன்பு குறிப்பிட்டேன். அதே பெயருடைய ஒருவர், பெரும்பாலும் அவரேதான், ப்தா கடவுளுக்கு ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார். கடவுளின் பெயரால் பொய்யாணையிட்டேன், பகலிலேயே இருளைக் காணும்படி செய்துவிட்டார் என்று அதில் முறையிடுகிறார். பாவத்தின் தண்டனையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பாரும் உண்டு. உண்மையாகவே பார்வை போனதைச் சொல்கிறார் என்பாரும் உண்டு. கல்லறைத் தூசியில் வாழ்ந்தவர் கண் கெட்டதற்குத் தம்மையே நொந்துகொண்டார் என்றால், அதைப் படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளம் உண்டா? சம்பளம் என்பது தானியம். ஒரு தொழிலாளிக்கு மாதத்துக்கு நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. மூட்டை என்று நான் குறிப்பது 'கார்' என்ற அளவை. ஏறத்தாழ 76 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. குழுத்தலைவருக்கு ஐந்தரையும் இரண்டும். நோயில் கிடந்தவர்களுக்கும் இந்தப் படி நிற்கவில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு என்று இதைக் கொண்டாடுவோரும் உண்டு.

கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். ஆன் ஆஸ்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2010களில் தெய்ர் எல்-மதீனாவின் கல்லறைகளில் கிடைத்த மனித எலும்புகளையும் பதனிட்ட உடல்களையும் ஆராய்ந்தார். ஆண்களின் முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டுத் தேய்மானம் மிகுந்திருந்தது. ஊருக்கும் அரசர் பள்ளத்தாக்குக்கும் இடையிலுள்ள மலையை ஏறி இறங்கிய தேய்மானம் அது. இருபதுகளிலோ முப்பதுகளிலோ இறந்த ஓர் ஆணின் உடலில், எலும்பெல்லாம் பரவிய சீழ்நோயின் அடையாளம் இருந்தது. நோய் முற்றிக்கொண்டிருந்த காலத்திலும் அந்த மனிதர் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார் என்பதை அவருடைய எலும்பு காட்டுவதாக ஆஸ்டின் எழுதுகிறார். விடுப்பு இருந்தது, மருத்துவர் இருந்தார், படியும் நின்றிருக்காது. இருந்தும் ஏன் வேலைக்குப் போனார்?

பலகை சொல்லாத செய்தி இது. வராதவனைப் பற்றி மட்டுமே விடுப்புப் பதிவேடு பேசும். காய்ச்சலோடு வந்து நின்றவன் அதில் 'வந்தவன்'. அவனுக்குச் சிவப்பு மை கிடையாது. எங்கள் கல்லூரியில் முதல் பாடவேளைக்கு இருமிக்கொண்டே வந்து கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அவர்கள் வருகை நூறு விழுக்காடு. அரசன் கல்லறை அவன் ஆயுளுக்குள் முடிய வேண்டும் என்ற நெருக்கடியோ, தம் இடத்தில் அடுத்தவர் மகன் வந்துவிடுவான் என்ற அச்சமோ, உடன்பணியாளரின் ஏளனமோ, ஏதோ ஒன்று அந்த இளைஞரை மலையேற்றியிருக்கிறது.

மலையேற்றம் என்றதும் தங்குமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலாளர்க்கு இரண்டு இருப்பிடங்கள் இருந்தன. ஒன்று ஊரில் உள்ள வீடு. மதிலுக்குள் 68 வீடுகள், நடுவே ஒடுங்கிய தெரு, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக. ஊருக்குள் கிணறு இல்லை. தண்ணீர் கழுதைமேல் வரும், அதற்கும் கணக்கு உண்டு. இன்னொன்று மலைக் கணவாயில் இருந்த சிறு கல் குடில்கள். பத்து நாள் வாரத்தில் எட்டு நாள் வேலை. அந்நாள்களில் இரவில் ஊருக்குத் திரும்பாமல் குடில்களிலேயே தங்கினார்கள். சில குடில்களில் கல் இருக்கைகள். அவற்றில் உரியவர் பெயர். கென்ஹெர்கெப்ஷெப்பின் இருக்கையும் கிடைத்திருக்கிறது. எழுத்தர் அல்லவா, வசதியான இடத்தைத்தான் பிடித்திருந்தார்.

ஊர் வீடுகளில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதற்கும் ஏடு உண்டு. இத்தாலியின் டூரின் நகர் அருங்காட்சியகத்தில் சிதைந்த நாணல் தாள்களாகக் கிடந்த அதனை 'குடிப்பதிவு' என்ற பொருள்பட இத்தாலியச் சொல்லால் அழைத்துவந்தார்கள். தெமாரே, வால்பெல் என்ற இருவர் 2011இல் அதை நூலாக வெளியிட்டார்கள். இருபதாம் மரபுக் காலத்தது. வீடு வீடாக, குடும்பத் தலைவன், அவன் தந்தை பெயர், தாய் பெயர், மனைவி, மனைவியின் பெற்றோர், பிள்ளைகள், சில வீடுகளில் உடன் தங்கிய விதவைத் தாய் அல்லது சகோதரி என்று எழுதப்பட்டிருக்கிறது. அரசுக் குடியிருப்பில் யாருக்கு இடம் என்பதை அறியத்தான் அரசு இதை எழுதியிருக்கும். இன்று அதைப் படிக்கும் நமக்கோ, தொழிலாளி மட்டுமன்றி அவனைச் சார்ந்து வாழ்ந்த தாயும் தங்கையும் பெயரோடு தெரிய வருகிறார்கள். விடுப்புப் பலகையில் 'தாய்' என்று வந்தவளுக்குக் குடிப்பதிவில் பெயர் இருக்கும். காலம் வேறு என்பதால் பென்னுப்பின் தாயை அங்கே தேட முடியாது.

இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தவர்களுக்கு அரசு ஒழுங்காகப் படி அளந்ததா என்றால், இல்லை. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1150களில், தானியம் வருவது தடைப்பட்டது. அப்போதைய எழுத்தர் பெயரும் அமென்நக்த். பனெப்மேல் குற்றம் சாட்டியவர் வேறு, இவர் வேறு. மாதத்தில் இருபது நாள் கழிந்தும் படி வரவில்லை என்பதை நாள் குறித்துச் சொன்னார். சில மாதங்களுக்குப் பின் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் கல்லறைப் பகுதியின் ஐந்து மதில்களையும் கடந்து போய், மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது என்றார்கள். உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்கும் அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். உலக வரலாற்றில் நமக்கு எழுத்துச் சான்றோடு கிடைக்கும் முதல் வேலைநிறுத்தம் இதுவே. டூரினில் உள்ள நாணல் தாள் அதை நாள் நாளாகச் சொல்கிறது. தொழிலாளரின் வராமையை எழுதப் பழகிய கை, அரசின் தவறுகையையும் அதே முறையில் எழுதியிருக்கிறது.

பின்னாளில் அந்த ஊர் கைவிடப்பட்டது. பாலைவனக் கொள்ளையருக்கு அஞ்சி மக்கள் மெதினெத் ஹாபுக் கோயில் மதிலுக்குள் குடிபெயர்ந்தார்கள். பிரெஞ்சு அகழாய்வாளர் பெர்னார் புருயேர் 1922 முதல் 1951 வரை அங்கே தோண்டினார். முப்பது ஆண்டு உழைப்பின் கடைசிக் கட்டத்தில், ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு மாபெரும் குழி அகப்பட்டது. தண்ணீருக்காகத் தோண்டித் தண்ணீர் வராமல் விட்ட குழி அது என்கிறார்கள். பிற்காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் அதற்குள் போயிருக்கிறது. குப்பையோடு குப்பையாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துச் சில்லுகள் கிடைத்தன. தானியக் கணக்கு, கழுதை வாடகை வழக்கு, கடிதம், காதல் பாட்டு, பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய பாடம் எல்லாம் அதில். தூக்கி எறிந்ததால் தப்பியவை! பத்திரமாக நாணல் தாளில் பெயர்த்தெழுதி அமைச்சரின் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், அவற்றுள் பெரும்பாலானவை செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகியிருக்கும்.

என் நண்பரின் ஆணை நகலும் ஏறத்தாழ அப்படித்தான் கிடைத்தது. அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும் இல்லை. பழைய வினாத்தாள் கட்டுகளை எடைக்குப் போடும்போது, நடுவில் ஒரு கார்பன் நகலாக அகப்பட்டது. 47 நாள் மருத்துவ விடுப்பு அனுமதிக்கப்படுகிறது என்று ஒரே வரி. பணிப்பதிவேட்டில் அந்த வரி ஏறி, ஓய்வூதியமும் வந்தது.

அதன்பின் ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பீருக்குச் சிரித்தார். எழுத்தருக்குக் கல் சுமந்ததைக் கேட்டு, நம் பழைய முதல்வர் ஒருவரின் வீட்டுக்குப் புத்தக அலமாரி சுமந்த கதையை நினைவுபடுத்தினார். பென்னுப்பின் பதிவைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாய்க்கு நோய்னே எழுதியிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?" என்றார். சொன்னேன்.